பழைய எல்பி இசைத்தட்டு வாங்கப் பணம் அனுப்பப் போகிறீர்களா, கொஞ்சம் நில்லுங்கள்

சனிக்கிழமை பார்சல் வந்தது, இன்று செவ்வாய். மூன்று நாளாக ஒரே சண்டை, அதனால் கோர்வையாக எழுத வராது. 14,500 ரூபாய் போச்சு.

எண்பதுகளில் எக்கோ என்ற இசைத்தட்டு கம்பெனி வெளியிட்ட இளையராஜா எல்பிகள், ஐந்து. பழைய சாமான் விற்கும் ஒரு செயலியில், பூப்போட்ட போர்வை மேல் பரப்பி போட்டோ போட்டிருந்தார் அந்த ஆள். எடுத்தவுடனே நான் பணம் அனுப்பவில்லை, வீடியோ காலில் வரச் சொன்னேன். வந்தார். ஒவ்வொரு தட்டையும் டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்துக் காட்டினார், ஒன்றைப் போட்டு ஊசியையும் வைத்தார். அந்தப் பொரியும் சத்தத்துக்குப் பின்னால் வயலின் எழும்பியதும் எனக்கு புத்தி போய்விட்டது. "எங்க அப்பா சேர்த்தது சார், உங்களை மாதிரி கேட்கிறவங்க கையில போய்ச் சேரணும்" என்றார். செயலி வழியாகப் போனால் கமிஷன் பிடிப்பார்கள், நேராக யுபிஐயில் போடுங்கள் என்றதையும் கேட்டுக்கொண்டு 14,500-ஐ ஒரே தடவையில் அனுப்பினேன்.

வந்தது என்ன தெரியுமா? கவர் ஐந்தும் கலர் ஜெராக்ஸ். இரண்டு தட்டு, வெயிலில் கிடந்த அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. இன்னொன்றில் லேபிள் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது, நகத்தால் நெம்பினேன், மெதுவாக உரிந்து வந்தது, அடியில் சிவப்பு லேபிளில் இந்தி எழுத்து. பிரின்ட் எடுத்து மேலே ஒட்டியிருக்கிறான்! ஓட விட்டால் ஏதோ பஜனை.

போன் செய்தேன். "கூரியர்ல மாறியிருக்கும் சார்." கூரியர்காரனா லேபிள் ஒட்டினான்? மறுநாள், "உங்க ஊசி சரியில்ல." அப்புறம், "ஊர்ல இல்ல, வந்து பேசறேன்." அதோடு பிளாக். செயலிக்காரர்களுக்கு மூன்று முறை எழுதினேன், வெளியில் நடந்த பரிவர்த்தனைக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று மூன்று முறையும் ஒரே பதில், புள்ளி கமா மாறாமல். சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்தாயிற்று, ஆனால் முதல் நாளே செய்திருக்க வேண்டும், இரண்டு நாள் அவனிடம் கெஞ்சியதில் போய்விட்டது. போனில்தான் எல்லாப் பாட்டும் இருக்கிறதே, அதுக்கா 14,500 என்கிறாள் மனைவி. என்ன பதில் சொல்ல.

வாங்குகிறவர்களுக்கு விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவில் வெற்று வளையம் இருக்கும், அதில் பொடியாக எண் கீறியிருக்கும், அதை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். லேபிளை ஒட்டலாம், அந்த எண்ணை மாற்ற முடியாது. தட்டைக் கண் மட்டத்தில் படுக்கவைத்துச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள், நெளிவு தெரியும். சிடி என்றால் அடிப்பக்கம் நீலமோ பச்சையோ அடித்தால் பெரும்பாலும் வீட்டில் கம்ப்யூட்டரில் காப்பி போட்டது. செயலிக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். அவ்வளவுதான்.

இப்போது மச்சான் போனில் அந்தச் செயலியைத் திறந்து பார்த்தேன். அதே ஐந்து கவர், அதே பூப்போட்ட போர்வை. விலை 16,000 ஆகியிருக்கிறது.