264 பவுண்ட் கொடுத்து பெயிண்ட் அடித்த துரு வாங்கினேன்

இதை எழுதும்போது என் மாஸ்டா எம்எக்ஸ்-5 வீட்டு வாசலில், பின் சக்கரம் இரண்டும் இல்லாமல் ஆக்சில் ஸ்டாண்டில் நிற்கிறது. மழை வேறு. இங்கிலாந்தில் இந்த வண்டியை வைத்துக்கொண்டு சொந்தமாக வேலை பார்க்கும் நம் ஆட்கள் சிலராவது இருப்பீர்கள், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். கேலிப்பர் (சக்கரத்தில் பிரேக் பேடை டிஸ்கில் அழுத்தும் பாகம்) வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். முதலில் என் 264 பவுண்ட் போன கதை.

வண்டி 1999 மாடல், மார்க் 2 (இரண்டாம் தலைமுறை), 1.6 இன்ஜின். ஆயில், பிளக், டைமிங் பெல்ட் எல்லாம் நானே மாற்றியவைதான். (டைமிங் பெல்ட்டுக்கு இரண்டு ஞாயிறு ஆனது, அதை விடுங்கள்.) இந்த வண்டிக்குத் தீராத வியாதி இரண்டு. கதவுக்குக் கீழே இருக்கும் சில் என்ற தகடு துருப்பிடிக்கும், பின் கேலிப்பர் இறுகிப்போகும். குளிர்காலத்தில் ரோட்டில் போடும் உப்பு இரண்டையும் தின்றுவிடும். ஹேண்ட் பிரேக் கேபிள் இழுப்பது பின் கேலிப்பரைத்தான் என்பதால், உள்ளே அந்த மெக்கானிசம் சிக்கினால் எம்ஓடி (வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை) தேறாது. எனக்கு இடது பக்கம் சுத்தமாகப் பிடிக்கவில்லை. எம்ஓடிக்கோ மூன்று வாரம்தான் இருந்தது.

பெரிய ஆன்லைன் சந்தை ஒன்றில் தேடினேன். பழைய கேலிப்பரைப் பிரித்து, புது சீல் போட்டு, புதுப்பித்து விற்கும் ஒரு கடை கிடைத்தது. ஜோடி 196 பவுண்ட், பழையதைத் திருப்பி அனுப்பும்வரை 80 பவுண்ட் முன்பணம். என் மாடலுக்குப் பொருந்துமா என்று கேட்க போன் போட்டேன்.

அங்கேதான் விழுந்தேன். எடுத்தவர் அவசரமே படவில்லை. "நீங்களே மாட்டப்போகிறீர்களா? சபாஷ் மேட், இப்போதெல்லாம் யார் இதைச் செய்கிறார்கள்!" என்றார். தானும் ஒரு மார்க் 1 வைத்திருந்ததாகச் சொன்னார். 14 எம்எம் போல்ட்டைக் கழற்றினால் பின்னால் 4 எம்எம் ஆலன் கீ போகும், அதைத் திருப்பித்தான் ஹேண்ட் பிரேக்கைச் சரிசெய்ய வேண்டும், இறுக்கம் வந்ததும் மூன்றில் ஒரு சுற்று பின்னால் விடுங்கள் என்று அவரே சொல்லிக்கொடுத்தார். சரியாகத்தான் சொன்னார். இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்றுவாரா என்று நினைத்தேன். அப்புறம் மெதுவாக, "தளத்துக்குக் கமிஷன் எதற்கு, நேராக பேங்கில் போடுங்கள், 12 பவுண்ட் குறைக்கிறேன்" என்றார். 184-ம் 80-ம் சேர்த்து 264. அன்றைக்கே போட்டேன்.

பெட்டி வந்தது. தங்க நிறத்தில் மின்னியது, மனைவிகூட "நகை மாதிரி இருக்கே" என்றாள். சனிக்கிழமை காலை பழையதைக் கழற்றினேன். போஸ்ட் ஆபீஸ் 12.30-க்கு மூடிவிடும், ஏழு நாளுக்குள் பழையது வந்துசேர வேண்டும் என்ற நிபந்தனை வேறு. புதியதை மாட்டிப் பார்க்காமலே பழையதை பார்சல் கட்டி அனுப்பிவிட்டு வந்தேன். இதை நினைத்தால்தான் இன்னும் தூக்கம் வருவதில்லை.

மாட்டினேன். புது செம்பு வாஷர், புது பிரேக் ஆயில், எல்லாம் முறைப்படி. மனைவி பெடலை மிதிக்க, நான் கேலிப்பரின் நிப்பிளைத் திறந்து பிரேக் குழாயில் சிக்கிய காற்றை எடுத்தேன். பெடல் கெட்டிப்படவே இல்லை. குனிந்து பார்த்தால் வலது கேலிப்பரில் பிஸ்டனை மூடியிருக்கும் ரப்பர் உறையின் ஓரத்திலிருந்து ஆயில் சொட்டுகிறது. உறையை விலக்கினேன். பிஸ்டன் முழுக்கப் பழைய துருக்குழி. அந்தப் பிஸ்டனில் எந்தப் புது சீலும் நிற்காது. இடது பக்கம் ஆலன் கீயைப் போட்டால் அசையவே மறுக்கிறது. நகத்தால் சுரண்டினேன், தங்கப் பெயிண்டுக்குக் கீழே துரு. பிரித்தே பார்க்காமல், வெளியே மட்டும் ஸ்பிரே அடித்து அனுப்பியிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை போட்டோக்களோடு மெயில். பதில்: "யார் மாட்டியது?" நான்தான் என்றேன். "கராஜ் பில் இல்லாமல் வாரன்டி கிடையாது." எனக்கு சபாஷ் போட்ட அதே மனிதர்! வீடியோ கேட்டார்கள், அனுப்பினேன். டெக்னிக்கல் ஆள் பார்க்கிறார் என்றார்கள், ஒரு வாரம் போனது. 2015 நுகர்வோர் சட்டப்படி 30 நாளுக்குள் பழுதான பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம் என்று எழுதினேன், அதற்குப் பதிலே இல்லை. இன்று காலை வந்த மெயில்தான் உச்சம். நான் அனுப்பிய பழைய கேலிப்பர்கள் "புதுப்பிக்க முடியாத அளவு துருப்பிடித்தவை", அதனால் 80 பவுண்ட் முன்பணமும் கிடையாதாம். துருவைப் பற்றி இவர்கள் பேசுகிறார்கள்.

சந்தைத் தளத்தைக் கேட்டால், எங்கள் வழியாகப் பணம் வரவில்லை என்று கைகழுவியது. பேங்க், இது மோசடி இல்லை, வாங்கியவருக்கும் விற்றவருக்கும் இடையேயான தகராறு என்று கையை விரித்தது. கடைக்குப் போட்டால் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை. 12 பவுண்ட் மிச்சம் பிடிக்கப் போய் 264 பவுண்ட். பட்டை நாமம்.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. பேங்கில் நேராகப் போடாதீர்கள். 100 பவுண்டுக்கு மேல் என்றால் விற்பவருக்கே நேராக கிரெடிட் கார்டில் கட்டுங்கள், நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆவது பிரிவின்படி கார்டு கம்பெனியும் பொறுப்பு. பெட்டி வந்ததும் ரப்பர் உறையை விலக்கி பிஸ்டனைப் பாருங்கள், ஆலன் கீ திரும்புகிறதா பாருங்கள், ஐந்து நிமிட வேலை. புதியது ஓடும்வரை பழையதை அனுப்பாதீர்கள், முன்பணம் போனாலும் சரி.

எம்ஓடிக்கு இன்னும் ஆறு நாள். வண்டிக்கு மேல் தார்ப்பாய் போடப் போகிறேன், மழை வலுக்கிறது.