கிளாஸ் பெயரை மாற்ற எக்லிப்ஸா, இன்டெல்லிஜேவா?

எக்ஸ்எம்எல் மண்டிய பழைய ஸ்பிரிங், ஹைபர்னேட் (இரண்டும் ஜாவா ஃபிரேம்வொர்க்குகள்) பிராஜெக்ட் ஒன்றைப் பராமரிக்க எக்லிப்ஸ், இன்டெல்லிஜே என்ற இரண்டு ஐடிஇகளில், அதாவது கோடு எழுதும் கருவிகளில், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. இன்டெல்லிஜே ஐடியாவுக்குப் போனேன். ஜாவா கோப்புகளுக்குள் பெயர் மாற்றுவதில் இரண்டுமே கில்லாடிகள், அதில் பேச ஒன்றுமில்லை. கிளாஸ் பெயர்களை வெறும் எழுத்தாக வைத்திருக்கும் எக்ஸ்எம்எல் கான்ஃபிக் கோப்புகளில்தான் சங்கதி இருக்கிறது.

எக்லிப்ஸின் ரீநேம் பெட்டியில், ஜாவா அல்லாத கோப்புகளிலும் முழுப்பெயரை மாற்றச் சொல்லும் டிக் ஒன்று உண்டு. எந்த வகைக் கோப்புகள் என்று சொன்னால், மாறப்போகும் இடங்களை முதலில் காட்டிவிட்டுத்தான் கைவைக்கும். இலவசம். பேக்கேஜோடு முழுப்பெயர் எழுதிய பீன் கோப்புகளுக்கு (ஸ்பிரிங் உருவாக்க வேண்டிய ஆப்ஜெக்ட்களை, அதாவது பீன்களை, பட்டியலிடுபவை) இது தாராளமாகப் போதும்.

ஆனால் அது வெறும் எழுத்துத் தேடல். எந்த கிளாஸ் எந்த டேபிளுக்கு என்று சொல்லும் ஹைபர்னேட் மேப்பிங் கோப்பின் தலையில் பேக்கேஜை ஒருமுறை சொல்லிவிட்டு, கீழே 'ஆர்டர்' என்று மட்டும் எழுதலாம். தேடுகிற முழுப்பெயர் அங்கே இல்லாததால் எக்லிப்ஸ் அதைத் தாண்டிப் போய்விடும். கம்பைலரும் எக்ஸ்எம்எல்லைப் பார்க்காது, பில்டு ஜோராக முடியும். அப்ளிகேஷன் ஏறும்போதுதான் கிளாஸ் கிடைக்கவில்லை என்று விழும். ஸெட்டர் (ப்ராபர்ட்டிக்கு மதிப்பு வைக்கும் மெத்தட்) பெயரை மாற்றினாலும் இதே கதைதான். பீன் கோப்பில் இருப்பது ப்ராபர்ட்டியின் பெயர் மட்டும், அதில் கிளாஸின் வாசனையே இருக்காது.

இன்டெல்லிஜேயின் கட்டண வசதிகள் ஸ்பிரிங் பீன் கோப்பை ஜாவா கோடுபோலவே படிக்கின்றன. ப்ராபர்ட்டி பெயரில் கன்ட்ரோலை அழுத்திக் கிளிக் செய்தால் ஸெட்டருக்கே போய் நிற்கலாம். ஸெட்டரை ரீநேம் செய்தால் அந்தப் பெயரும் கூடவே மாறும். இல்லாத கிளாஸ் சிவப்பாகத் தெரியும். எனக்கு இந்தச் சிவப்பு ஒன்றே காசுக்குத் தகும். ஒரு நிபந்தனை: அந்தக் கோப்பை இன்டெல்லிஜேயின் ஸ்பிரிங் கான்டெக்ஸ்டில் (ஸ்பிரிங் கோப்புகள் எவை என்ற பட்டியலில்) சேர்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பலன் பாதிதான். காசு கொடுக்காவிட்டால் உரையில் தேடும் டிக் மட்டும் மிஞ்சும், அதாவது கிட்டத்தட்ட எக்லிப்ஸ்தான். ஸ்ட்ரட்ஸ் என்ற இன்னொரு ஜாவா ஃபிரேம்வொர்க்கின் கோப்புகளில் நான் அதிகம் புழங்கியதில்லை, அங்கே என் தீர்ப்பை நம்பி இறங்க வேண்டாம்.

பீன்களை ஜாவா கிளாஸிலேயே எழுதும் வழி 2009-ல் ஸ்பிரிங் 3.0-இலேயே வந்துவிட்டது. அப்படி எழுதியவற்றுக்கு எந்த ஐடிஇயும் சரி.

லாகர் (லாக் எழுதும் ஆப்ஜெக்ட்; பெரும்பாலும் கிளாஸின் முழுப்பெயரே அதன் பெயர்) பெயர்களை மட்டும் இப்போதும் கையால்தான் தேடுகிறேன். பேக்கேஜ் பெயர் மாறி லாக் கான்ஃபிக் கோப்பில் பழையது தங்கிவிட்டால் பிழை எதுவும் வராது. வைத்த லாக் லெவல் வேலை செய்யாமல் போகும், அவ்வளவுதான்.