பிரிக்பீல்ட்ஸ் பிசிக்ஸ் டியூஷன்: போகலாம், ஆனால் நோட்ஸை நம்பாதீர்கள்

மகன் படிவம் 5. எஸ்பிஎம் (மலேசியப் பள்ளியிறுதித் தேர்வு) இயற்பியலில், படிவம் 5-இன் முதல் பாடத்திலேயே விசைகளின் சமநிலை வந்துவிடுகிறது, சைனா கோசைனா என்று முழிக்கிறான், அதனால் கோலாலம்பூர் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் கடை வரிசை மாடியில் நடக்கும் ஒரு டியூஷனில் போட்டோம். முதல் வகுப்பில் பெற்றோரும் உட்காரலாம் என்றார்கள், உட்கார்ந்தேன்.

சார் கால்குலேட்டரைத் தொடவே விடவில்லை. ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தை ஒரு வளையத்தில் கட்டி, வளையத்தை இரண்டு கயிற்றில் தொங்கவிட்டார், கயிற்றுக்கு ஒரு சுருள்வில் தராசு. ஒரு கயிறு கிடைமட்டத்துக்கு 30 பாகை, மற்றது 60. எதில் இழுப்பு அதிகம் என்றதற்கு பாதிப் பேர் சரிந்து கிடக்கும் கயிற்றைக் காட்டினார்கள். முள் வேறு சொன்னது: நிமிர்ந்த கயிற்றில் எட்டரை நியூட்டன், சரிந்ததில் ஐந்துக்குக் கொஞ்சம் கீழே. அப்புறம்தான் பலகைக்குப் போனார். வளையம் ஒரு புள்ளி, அதை இழுக்கும் விசைகள் மட்டும் அம்புக்குறி, கூரையும் ஆணியும் படத்தில் வரவே கூடாது. ஒவ்வொரு விசையையும் கிடைமட்டம், செங்குத்து என்று இரண்டு கூறாகப் பிரித்து, கிடைமட்டக் கூறுகளைக் கூட்டினால் சுழியம், செங்குத்துக் கூறுகளைக் கூட்டினாலும் சுழியம். ஒரு கிலோவின் எடைக்கு 9.8 நியூட்டன் போட்டால் 4.9, 8.5 என்று வந்து நிற்கிறது.

மூன்று கயிறு கட்டினால் என்ன சார் என்று ஒரு பையன் கேட்டான். ஒரே தளத்தில் ஒரு புள்ளிக்கு இரண்டு சமன்பாடுதான், தெரியாதது மூன்று இருந்தால் அதை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது என்று உடனே சொன்னார், மழுப்பவில்லை. ஒரு பிள்ளைக்கு இழுவிசை மைனஸில் வந்தது. “கயிறு எங்கேயாவது தள்ளுமாம்மா?” என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்தார். அவளே படத்துக்குத் திரும்பி, தலைகீழாகப் போட்டிருந்த அம்புக்குறியை மாற்றினாள். இதற்கே காசு கொடுக்கலாம்.

குறை என்றால் நோட்ஸ். நகலெடுத்ததையே நகலெடுத்து, கோணம் 30-ஆ 80-ஆ என்றே தெரியவில்லை, இந்தப் பாடத்தில் கோணம் தெரியாவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? லாமி தேற்றத்தையும் (விசைகளுக்கு இடையிலான கோணங்களை வைத்து அவற்றின் அளவைக் கண்டுபிடிக்கும் வழி) கடைசி ஐந்து நிமிடத்தில் ஓட்டிவிட்டார், சரியாக மூன்று விசை இருந்தால்தான் அது செல்லும் என்பதை மட்டும் நல்லவேளை சொன்னார். முப்பரிமாணக் கணக்கு இங்கே கிடையாது, டிப்ளோமா பிள்ளைகள் வேறு இடம் பாருங்கள். சனிக்கிழமை காரில் வராதீர்கள், பார்க்கிங் தேடியே வகுப்பு முடிந்துவிடும்.