தமிழ்99-ஆ, அஞ்சலா? எழுதுகிறவர் விசைப்பலகைக்கு ஓர் அலசல்

“மகள் பல்லிக்குப் போனாள்” என்று கைப்பிரதியில் இருந்தால் பிழைதிருத்தி சிவப்புக் கோடு போடாது. பல்லி என்பதும் சரியான சொல்தானே. அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு முறையில் ஷிஃப்ட் விசை சரியாக அழுந்தாவிட்டால் பள்ளி பல்லியாகிவிடும். அஞ்சல், தமிழ்99 என்ற இரண்டு விசைப்பலகை அமைப்புகளையும் பயன்படுத்திய பிறகு நான் தமிழ்99 பக்கம் நிற்பதற்கு முதன்மையான காரணம் இந்த வகைப் பிழைதான். வேகம் அதற்கு அடுத்த இடத்தில்தான் வருகிறது.

அஞ்சல் என்பது ஆங்கில எழுத்துகளை ஒலிப்படி தட்டித் தமிழ் பெறும் முறை. ஆங்கிலவழியில் படித்து, அலுவலகத்தில் பகலெல்லாம் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதும் சிங்கப்பூர்த் தமிழருக்கு இதைக் கற்க அரை மணி நேரம் போதும். தமிழ்99 அப்படியில்லை. உயிரெழுத்துகள் எல்லாம் இடக்கையில், மெய்கள் அநேகமாக எல்லாம் வலக்கையில் என்று விசைகளையே மாற்றி அடுக்கிய அமைப்பு அது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு அதை ஏற்றது. அந்த மாநாட்டு வரிசை 1997இல் தொடங்கியது சிங்கப்பூரில்தான். ‘கணியன்’ என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கிய நம் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி அதற்கு முன்னின்றார். தமிழை எப்படித் தட்டுவது என்ற கேள்வி இந்த ஊருக்குப் புதியதல்ல.

பழைய தட்டச்சுப்பொறி அமைப்பைப் பழகியவர்கள் அதிலேயே இருக்கலாம், மாறச் சொல்ல மாட்டேன். ஆங்கிலத்தில் தட்டினால் பட்டியல் காட்டி, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஒலிபெயர்ப்பு வசதி வாட்ஸ்அப் செய்திக்குப் போதும். கதை எழுதும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் கண் பட்டியலுக்குப் போய்த் திரும்புவதால் வாக்கியத்தின் ஓட்டம் அறுந்துபோகிறது. குரல்வழி உள்ளீட்டைச் சிறு குறிப்புகளுக்குத்தான் பயன்படுத்தியிருக்கிறேன். நீண்ட உரைநடைக்கு அது தாங்குமா என்று தீர்ப்புச் சொல்ல அந்த அனுபவம் போதாது.

இனி, விசைகளின் எண்ணிக்கை. ‘மரம்’ என்று எழுத அஞ்சலில் ஐந்து தட்டு, தமிழ்99இல் நான்கு. ‘வந்தான்’ எட்டுக்கு ஆறு. ‘சிங்கப்பூர்’ பதினொன்றுக்கு ஒன்பது. ‘அவன்’, ‘பால்’ போன்ற சொற்களில் இரண்டும் சமம், ஏனென்றால் சொல் இறுதியில் வரும் புள்ளிக்குத் தமிழ்99இல் தனித் தட்டு வேண்டும். மிச்சத்தில் ஒரு பங்கு அகரத்தில் கிடைக்கிறது. தமிழ்99இல் க, ம, த எல்லாம் ஒரே தட்டில் அகரத்தோடு வருகின்றன. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி விழும்: ப, ப என்றால் ப்ப. ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என்ற இணைகளிலும் அப்படியே. ‘சிங்கப்பூர்’ என்பதில் ங்க, ப்ப இரண்டும் இப்படித்தான் கிடைக்கின்றன, புள்ளியை நாம் தட்டுவது கடைசி ‘ர்’ ஒன்றுக்கு மட்டும். மெய்க்கு வலக்கை, உயிருக்கு இடக்கை என்று கைகள் மாறிமாறி வேலை செய்வதால் இரண்டு மணி நேரம் தட்டினாலும் ஒரே கை சோர்வதில்லை.

இந்த மிச்சத்துக்காக மட்டும் யாரும் மாற வேண்டியதில்லை. அஞ்சலில் பத்து வருடம் பழகிய விரல்கள் தமிழ்99இல் புதிதாக வந்தவரைவிட வேகமாகத்தான் ஓடும்.

வித்தியாசம் பிழைதிருத்தும் நாளில் தெரியும். அஞ்சலில் ல-வும் ள-வும் ஒரே விசை: சின்ன எல் ல், பெரிய எல் ள். ர-வும் ற-வும் அப்படியே, ன-வும் ண-வும் அப்படியே. ஆக, தமிழில் பொருளையே மாற்றும் மூன்று வேறுபாடுகள் ஒரு ஷிஃப்ட் விசையில் தொங்குகின்றன. அரை, அறை. பனி, பணி. மனம், மணம். மரம், மறம். இவை எல்லாமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் மென்பொருளுக்குச் சந்தேகம் வராது. எழுதியவருக்கும் வராது, ஏனென்றால் தன் வாக்கியத்தைப் படிக்கும் கண் எழுத நினைத்ததைத்தான் பார்க்கும். தமிழ்99இல் ள மேல்வரிசையில் ஆங்கில ஒய் இருக்கும் இடத்தில், ல கீழ்வரிசையில் என் இருக்கும் இடத்தில். இரண்டும் வெவ்வேறு அசைவு. பள்ளியை எழுதப்போன விரல் பல்லிக்குப் போக வழியே இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் அதற்கு விரல் வேறு வரிசைக்கே இறங்க வேண்டும்.

‘ந’ விஷயம் இன்னும் நுட்பமானது. அஞ்சலில் சொல்லின் முதலில் என் தட்டினால் ந வந்துவிடும், ‘ந்த’ என்ற இடத்திலும் மென்பொருளே பார்த்துக்கொள்ளும். அதனால் ந-வைப் பற்றி யோசிக்கும் பழக்கமே போய்விடுகிறது. பிறகு ‘எந்நேரமும்’, ‘செந்நிறம்’, ‘முந்நூறு’ என்று வரும்போது டபிள்யூ விசையைத் தட்ட வேண்டும் என்பது நினைவுக்கு வராமல் ‘என்னேரமும்’, ‘முன்னூறு’ என்று விழுகிறது. தமிழ்99இல் ந-வை இரண்டு முறை தட்டினால் முடிந்தது. எந்த எழுத்து என்று ஒவ்வொரு முறையும் விரல் தேர்ந்தாக வேண்டியிருப்பதால் எழுத்துக்கூட்டல் கைக்குள் போய்விடுகிறது. வீட்டிலும் வேலையிலும் ஆங்கிலம் சூழ்ந்திருக்கும் இந்த ஊரில் இதை நான் பெரிய லாபமாக நினைக்கிறேன்.

தமிழ்99இலும் தடுக்கும் இடங்கள் உண்டு. ‘நடந்தது’, ‘வந்தது’ என்று கதையில் பக்கத்துக்குப் பத்து முறை வரும். ந, த, த என்று வேகமாகத் தட்டினால் சில மென்பொருளில் ‘நடந்த்து’ ஆகிவிடும். முதல் த-வுக்குப் பிறகு அ விசையை ஒரு முறை தட்டிவிட்டு அடுத்த த-வுக்குப் போவதுதான் எல்லா மென்பொருளிலும் பாதுகாப்பு. லலிதா, சசி, மமதை ஆகியவற்றுக்கும் இதே வழி. கிரந்த எழுத்துகள் ஷிஃப்ட்டோடு இடப்பக்க மேல்வரிசையில் இருக்கின்றன. ஜூரோங், ஜாலான் காயு என்று நம் இடப்பெயர்களில் ஜ அடிக்கடி வருவதால் இங்கே அஞ்சலுக்கே வசதி அதிகம். உரையாடல் எழுதுகிறவர் கவனிக்க வேண்டியது இன்னொன்று: அரைப்புள்ளி, மேற்கோள்குறி, சதுர அடைப்பு இருக்கும் விசைகளில் தமிழ்99 எழுத்துகளை வைத்திருக்கிறது. அந்தக் குறிகள் ஷிஃப்ட்டுக்குப் போகும், சில வேறு விசைக்கே நகரும். அமைப்பின் படத்தைப் பார்த்து மேற்கோள்குறி எங்கே என்று முதல் நாளே குறித்துக்கொள்ளுங்கள்.

இதனாலேயே விசைப்பலகை வாங்கும்போது வலது ஓரத்தைப் பார்க்க வேண்டும். ச சதுர அடைப்பு விசையில், ஞ அதற்கு அடுத்ததில், ய மேற்கோள்குறி விசையில், ழ சாய்கோட்டு விசையில். பையில் மடித்துப் போட்டுக்கொள்ளும் சிறிய புளூடூத் விசைப்பலகைகள் பலவற்றில் இந்த விசைகளைச் சுருக்கியோ, எஃப்என் விசையோடு சேர்த்தோ வைத்திருப்பார்கள். ச-வுக்கு இரண்டு விசை அழுத்த வேண்டியிருந்தால் அந்தப் பலகையில் தமிழ்99 வேலைக்காகாது. சிம் லிம் ஸ்குவேர் கடைகளில் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி, அந்த நான்கு விசைகளும் முழு அளவில், தனித்தனியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அஞ்சல்காரருக்கு இந்தக் கவலை இல்லை.

மென்பொருளில் பெரிய சிக்கல் இல்லை. மேக்கிலும் ஐபோனிலும் இரண்டு அமைப்புகளும் உள்ளேயே இருக்கின்றன. விண்டோஸில் முரசு அஞ்சல், என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை என்று நிறுவிக்கொள்ளலாம். அலுவலகக் கணினியில் எதையும் நிறுவ அனுமதி இல்லையென்றால் அமைப்புகளில் தமிழ் மொழியைச் சேர்த்து, உள்ளே என்ன விசைப்பலகை கிடைக்கிறது என்று பாருங்கள். கைப்பேசிக்கு, 2005 பொங்கலையொட்டி இங்கே அறிமுகமான செல்லினம் என்ற செயலியில் இரண்டும் உண்டு. எம்ஆர்டி ரயிலில் நின்றபடி ஒரு கையால் குறிப்பெடுக்க எது கைக்கு வருகிறதோ அது போதும். இரு கை மாறிமாறித் தட்டும் நன்மை கட்டைவிரலுக்குக் கிடையாது.

மாற நினைக்கிறவர் தினமும் இருபது நிமிடம் ஒதுக்கி, மூன்று வாரமாவது வைத்துக்கொள்ளுங்கள். முதல் நான்கு நாள் நடுவரிசை மட்டும்: இடக்கையில் அ, இ, உ, ஃ (புள்ளிக்கும் இதே விசைதான்), எ, வலக்கையில் க, ப, ம, த, ந, ய. இவற்றை வைத்தே பக்கம், தம்பி, மிதி என்று நிறையச் சொற்கள் எழுதலாம். பிறகு மேல்வரிசை, கடைசியாகக் கீழ்வரிசை. அந்த நாள்களில் சொந்தக் கதையை எழுத வேண்டாம், அச்சிலிருக்கும் ஒரு பத்தியைப் பார்த்துத் தட்டுங்கள். யோசனையும் விரலும் ஒரே நேரத்தில் தடுமாறினால் பழைய அமைப்புக்கே கை ஓடும். தங்கமுனை விருது எழுத்துப் போட்டிக்கோ பத்திரிகைக்கோ அனுப்ப வேண்டிய கெடு நெருங்கும் மாதத்தில் தொடங்கவே தொடங்காதீர்கள். விசைகளின் மேல் தமிழ் ஸ்டிக்கர் ஒட்டவும் வேண்டாம். கண் கீழே இருக்கும்வரை விரல் கற்காது, நம் ஊர்ப் புழுக்கத்தில் அது ஓரம் பிய்ந்து பிசுபிசுக்கும். படத்தை அச்சிட்டுத் திரைக்குக் கீழே ஒட்டுங்கள்.

அஞ்சலிலேயே இருக்க முடிவுசெய்தவர்கள் கைப்பிரதியை அனுப்புவதற்கு முன் தேடல் பெட்டியில் பல்லி, பனி, அரை, மனம், முன்னூறு, என்னேர என்று ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடிப் பாருங்கள். தங்கள் கை அடிக்கடி தவறும் சொற்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொண்டே வரலாம். முப்பது பக்கக் கதைக்குக் கால்மணி நேரம் ஆகும்.