வெள்ளை டயல் ஜனதா தேடுகிறவர்கள் கவனத்துக்கு

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் பக்கம் பழைய சாவி கொடுக்கும் கைக்கடிகாரம் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். என்னை ஏமாற்றிய கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கடைக்காரர் விற்கும் விதமே அடையாளம்.

எனக்கு மொட்டையான டயல்தான் பிடிக்கும். மணி, நிமிடம், நொடி போதும். தேதிகூடக் கண்ணை உறுத்தும். ஆகவே அரசு நிறுவனமான எச்எம்டி செய்த ஜனதா மாடல். என் அத்தை மகன் நேர் எதிர்: தங்கப் பூச்சு, பூவேலை, டயலில் துளையிட்டு உள்ளே சக்கரம் ஆடுவது தெரிய வேண்டும். "தம்பிக்கு எந்த மாதிரி பிடிக்கும்?" என்றுதான் கடைக்காரர் பேச்சைத் தொடங்குவார். நாம் சொல்லும் பதிலுக்கு ஏற்றபடி சரக்கு தயாராகிறது.

எனக்குக் காட்டியது பால் வெள்ளை டயல் ஜனதா. பாம்பனில் ஒரு விசைப்படகு முதலாளி காலமெல்லாம் கட்டியிருந்தாராம், மெஷினுக்கு ஆயில் சர்வீஸ் முடிந்ததாம், டயல் அசலாம். விலை 4,500 ரூபாய்.

வீட்டில் பின்மூடியைத் திறந்தேன். மூடியின் உள்விளிம்பு முழுக்கக் காப்பித்தூள் நிறத்தில் துரு. சாவித்தண்டும் துரு. ஈரம் உள்ளே புகாமல் தடுக்கும் வாஷர் கல்லாக இறுகியிருந்தது. கடல் காற்று இத்தனை தூரம் உள்ளே வந்த கடிகாரத்தில் டயலில் மட்டும் ஒரு புள்ளிகூட இல்லை! பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் 'ஜனதா' என்ற இந்தி எழுத்துகளின் ஓரத்தில் மை கசிந்திருக்கிறது. 12 மணிக் கோடு நேராக நிற்க, 5 மணிக் கோடு சாய்ந்து கிடக்கிறது. டயலை மெஷினோடு பிணைக்கும் அடிக்கால்களை வெட்டிவிட்டு இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டியிருக்கிறார்கள். உராய்வைக் குறைக்க 17 கல் பதித்த மெஷின், மணிக்கு 18,000 துடிப்பு துடிக்க வேண்டியது, நாளுக்குப் பத்து நிமிடம் பின்தங்குகிறது. கல் துளைகளில் பழைய எண்ணெய் கறுத்துக் காய்ந்திருக்கிறது. அந்த ஆயில் சர்வீஸ் எந்தக் கடிகாரத்துக்கு நடந்ததோ!

எச்எம்டி 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் சேர்ந்து பெங்களூரில் கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியது. 2016-இல் கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. பழைய ஜனதாவைத் தேடுகிறவர்கள் இருப்பதால் புள்ளி விழுந்த டயலைக் கழுவி, வண்ணம் அடித்து, எழுத்தைப் புதிதாக அச்சிட்டு விற்கிறார்கள். அது குற்றமில்லை, மெரூன் நிற ஜனதாவை விரும்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அவரவர் ரசனை. அடித்த டயலை அசல் என்று சொல்லி அசல் விலை வாங்குவதுதான் மோசடி.

அத்தை மகனின் கதை சுருக்கம். அதே கடையில் அவன் வாங்கியதில் எச்எம்டி என்று டயலில் இருந்தது, உள்ளே ஓடியது பெயரில்லாத சீன மெஷின். தங்கப் பூச்சு கீழக்கரை வியர்வையில் பச்சை பிடித்துவிட்டது. பூவேலைக்குள் எந்தக் குறையும் ஒளிந்துகொள்ளும் என்பதால் அவனுக்குத் தெரியத் தாமதமாயிற்று.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்குக் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகவே பதில் அனுப்பினார்: "வெள்ளை பிடிக்கவில்லையா தம்பி? கொண்டுவாருங்கள், நீலம் அடித்துத் தருகிறேன்."

அந்தப் பதிவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குக் கொடுக்கும் மனுவோடு சேர்க்கிறேன். நீங்கள் அங்கே போனால் பின்மூடியை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். பில்லில் 'டயல் அசல்' என்று எழுதித் தரக் கேளுங்கள். எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.