விஎல்சி தமிழ்க் கையேடு: விக்கியா, கிட்டா, பிடிஎஃபா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்தில் நாலைந்து பேர் சேர்ந்தால், விஎல்சி என்னும் காணொளி இயக்கிக்கு ஒரு தமிழ்க் கையேட்டைப் பள்ளி விடுமுறைக்குள் எழுதிவிடலாம். அடுத்த ஆண்டும் அதைச் சரியாக வைத்திருப்பதுதான் கடினம். கைப்பேசியில் உள்ள விஎல்சி தானாகவே புதுப்பித்துக்கொள்கிறது. தமிழ்ப்பள்ளிக் கணினி அறையிலும் கோயில் மண்டபத்து மடிக்கணினியிலும் என்றோ யாரோ போட்டுவைத்த பதிப்பே கிடக்கிறது. ஒரே கையேடு இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். அதனால் கையேட்டை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கும்போது, எதில் எழுத எளிது என்பதை இரண்டாவதாகப் பாருங்கள். பழசாகிப்போன வரியை எது காட்டிக்கொடுக்கும் என்பதே முதல் கேள்வி.

வரி எப்படிப் பழசாகிறது? தமிழ் வசன வரிகள் கட்டம் கட்டமாகத் தெரியும் சிக்கலை எடுத்துக்கொள்வோம். பழைய கையேடுகள் சொல்லும் வழி இது: கண்ட்ரோல்+பி அழுத்தி பிரிஃபரன்சஸைத் திற, சப்டைட்டில்ஸ் பகுதிக்குப் போ, எழுத்துருவை லதா என்று மாற்று, டீஃபால்ட் என்கோடிங்கை யுடிஎஃப்-8 (யுனிகோடு எழுத்துக் குறியீடு) ஆக்கு, சேவ் கொடுத்து விஎல்சியை மூடித் திற. விண்டோஸ் 7-இல் இது அப்படியே வேலை செய்யும். விண்டோஸ் 10-இலோ லதா கூடுதல் எழுத்துருத் தொகுப்புக்குள் போய்விட்டது. புதிதாக நிறுவிய கணினியில் அது இருக்காது. அங்கே நிர்மலா யூஐ தேர்ந்தெடுக்க வேண்டும், அது விண்டோஸ் 8 முதல் கூடவே வருகிறது. விஎல்சியில் எதுவும் மாறவில்லை. ஆனாலும் கையேட்டின் வரி பாதிப் பேருக்குப் பொய்யாகிவிட்டது. கட்டத்துக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் குவியலாக வந்தால் அது வேறு நோய்: வசன வரிகள் உள்ள எஸ்ஆர்டி கோப்பு பாமினி போன்ற பழைய குறியீட்டில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். எந்த எழுத்துருவை மாற்றினாலும் பயனில்லை, கோப்பையே யுனிகோடுக்கு மாற்றிச் சேமிக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் பிரித்துச் சொல்லாத கையேடு ஆளை அலையவிடும்.

இனி விக்கி, அதாவது பலரும் உலாவியிலேயே திருத்தக்கூடிய இணையதளம். விஎல்சியை உருவாக்கும் விடியோலேன் திட்டத்தின் விக்கி, கோடி என்னும் ஊடக மென்பொருளின் விக்கி இரண்டுமே மீடியாவிக்கி என்ற விக்கி மென்பொருளில் ஓடுகின்றன. நம் ஊருக்கு இதில் உள்ள பெரிய வசதி, கைப்பேசி மட்டும் வைத்திருப்பவரும் ஒரு வரியைத் திருத்தலாம் என்பது. தோட்டத்து வீடுகளில் எல்லாரிடமும் மடிக்கணினி இருக்கும் என்று நினைத்துத் திட்டம் போடக் கூடாது. தமிழுக்கும் விக்கிக்குறி (விக்கியில் எழுத்தை வடிவமைக்கும் குறிமுறை) இணக்கமானது: மூன்று ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் தடித்த சொல்லை வைத்து, அதை ஒட்டியே ‘இல்’, ‘ஐ’ என்று உருபு சேர்த்தாலும் பக்கம் உடையாது. திரைப்பிடிப்பை (ஸ்கிரீன்ஷாட்டை) பழைய கோப்புப் பெயரிலேயே மறுபடி ஏற்றினால், அது இடம்பெற்ற எல்லாப் பக்கங்களிலும் புதிய படமே வந்துவிடும்.

ஆனால் பழசைக் காட்டிக்கொடுப்பதில் விக்கி மெத்தனம். நெடுநாள் தொடப்படாத பக்கங்களைப் பட்டியலிடும் சிறப்புப் பக்கம் ஒன்று மீடியாவிக்கியில் உண்டு. தொடங்க அது நல்ல இடம். என்றாலும் தொடப்படாதது எல்லாம் தவறானதல்ல, நேற்று ஒரு எழுத்துப்பிழை திருத்தப்பட்ட பக்கம் முழுவதும் தவறாக இருக்கலாம். கோடி விக்கியின் வழக்கம் இதைவிட உருப்படியானது: பக்கம் எந்தப் பதிப்புவரை சரிபார்க்கப்பட்டது என்பதை ஒரு வார்ப்புரு (பல பக்கங்களில் இடும் ஆயத்தக் குறிப்பு) சொல்கிறது. 2021-இல் வந்த கோடி 19, நிரல்மொழியான பைத்தான் 2-ஐக் கைவிட்டு பைத்தான் 3-க்கு மாறியபோது பழைய துணைநிரல்கள் ஓடாமல் போயின. அத்தகைய மாற்றத்துக்குப் பின், பதிப்பு எண் இல்லாத துணைநிரல் பக்கத்தை நம்பி எதையும் செய்ய முடியாது. சொந்தமாக விக்கி நடத்துவோருக்கு இன்னொரு சுமை குப்பை விளம்பரம். திறந்த கணக்குப் பதிவை விட்டுவைத்தால் உள்ளதைக் காக்கவே நேரம் போய்விடும். சிறு குழு, கேட்டவருக்கு மட்டும் கணக்குக் கொடுப்பதே நல்லது.

கிட் என்பது கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கருவி. அந்த வழியில் கையேடு வெறும் உரைக் கோப்புகளாகக் களஞ்சியத்தில் இருக்கும்; ஸ்ஃபிங்ஸ் என்ற கருவி அதை இணையப் பக்கங்களாக்கும். விஎல்சியின் புதிய பயனர் கையேடு இப்படித்தான் எழுதப்படுகிறது. எம்பிவி என்ற இன்னொரு காணொளி இயக்கி இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் கையேடு மென்பொருளின் நிரல் இருக்கும் களஞ்சியத்திலேயே இருக்கிறது. ஒரு விருப்பத்தேர்வை மாற்றுபவர், பயனரைப் பாதிக்கும் மாற்றத்தைக் கையோடு எழுதித் தர வேண்டும். நிரலும் விளக்கமும் சேர்ந்தே நகர்வதால் இடைவெளி விழுவது அரிது. ஆவணப் பராமரிப்பில் இதைவிட நல்ல ஒழுங்கு கிடையாது என்பேன். என்ன, நிரல் எழுதுபவரே விளக்கமும் எழுத வேண்டும்; வெளியிலிருந்து தமிழில் எழுதும் நமக்கு அது முழுதாக எட்டாது.

நமக்கு எட்டுவது மொழிபெயர்ப்புச் சங்கிலி. ஸ்ஃபிங்ஸ் ஆங்கில மூலத்தைப் பத்தி பத்தியாகப் பிரித்துத் தரும், வெப்லேட் என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் அதற்குத் தமிழ் எழுதலாம். மூலப்பத்தி மாறியதும் அதன் தமிழ் ‘மறுபார்வை வேண்டும்’ என்று குறியிடப்படும். அப்படிக் குறியிட்ட தமிழை ஸ்ஃபிங்ஸ் தன் இயல்பு அமைப்பில் வெளியிடாது, அந்த இடத்தில் ஆங்கிலமே வரும். பார்க்க அழகில்லை, ஆனால் தவறான தமிழை நம்பி யாரும் கெட மாட்டார்கள். மீடியாவிக்கியின் மொழிபெயர்ப்பு நீட்சியோ பழைய தமிழை அப்படியே வைத்து, பின்னணி நிறத்தை மட்டும் மாற்றிக் காட்டும். அவசரத்தில் படிப்பவர் நிறத்தைப் பார்த்து நிற்பாரா?

கிட் வழியின் இடறல்கள் தமிழுக்கென்றே சில உண்டு. ஸ்ஃபிங்ஸின் எழுத்துமுறையில் தடித்த சொல்லின் முடிவுக்குறியை ஒட்டி உருபு எழுதினால் குறி வேலை செய்யாது. நடுவே ஒரு சிறுகோடு போட வேண்டும், அல்லது பின்சாய்கோடும் ஓர் இடைவெளியும். தலைப்புக்குக் கீழே இடும் கோட்டின் நீளத்திலும் கவனம் வேண்டும். ‘மொழிகள்’ கண்ணுக்கு நான்கு எழுத்து, கணினி அதை அதற்கு மேலாக எண்ணும். கோடு குட்டை என்று எச்சரிக்கை வரும். தலைப்பைப் போல இரு மடங்கு நீளத்துக்குக் கோடு போட்டுவிட்டால் தொல்லை இல்லை.

பிடிஎஃப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பி, பலர் இறக்கிப் பகிர்ந்துவிட்ட கோப்பைத் திரும்பப் பெற முடியாது. அச்சடித்துச் சுவரில் ஒட்ட ஒரு பக்கத் தாளாக மட்டும் அது பயன்படும்.

எங்கள் பரிந்துரை: விஎல்சியின் ஆங்கில மூலக் கையேட்டின் தமிழாக்கத்தை வெப்லேட்டில் வையுங்கள். எழுத்துரு, பாமினி போன்ற நம் ஊர்ச் சிக்கல்கள் எந்த ஆங்கிலக் கையேட்டிலும் வரப்போவதில்லை. அவற்றை மட்டும் ஒரு சிறு விக்கியில், ஒரு சிக்கலுக்கு ஒரு பக்கமாக எழுதுங்கள். பக்கத்தின் தலையில் மூன்று விவரம் கட்டாயம்: விஎல்சி பதிப்பு, இயங்குதளம், சரிபார்த்த மாதம். எடுத்துக்காட்டாக, குரோம்காஸ்ட் கருவி வழியாகத் தொலைக்காட்சியில் காட்டும் ரெண்டரர் பட்டி 2018-இல் வந்த விஎல்சி 3.0 பதிப்பில்தான் சேர்ந்தது, 2.2 வைத்திருக்கும் பள்ளியில் அந்தப் பட்டியைத் தேடுபவருக்கு முதல் வரியிலேயே பதில் கிடைத்துவிடும். விண்டோஸ் எக்ஸ்பி கணினியிலும் 3.0 ஓடும் என்பதை அடுத்த வரியில் எழுதுங்கள்.

புதுப் பதிப்பு வந்த வாரத்தில், விஎல்சி களஞ்சியத்தில் மாற்றங்களைப் பட்டியலிடும் ‘நியூஸ்’ கோப்பை ஒருவர் படிக்கட்டும். மாறிய பட்டிப் பெயரை விக்கியில் தேடி, வந்த பக்கங்களை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கட்டும். சரிபார்ப்பவர் தன் கணினியில் ஒவ்வொரு படியையும் செய்து பார்த்த பிறகே மாதத்தை மாற்ற வேண்டும். செய்து பார்க்க அந்த இயங்குதளம் கையில் இல்லையென்றால் பழைய மாதத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.