எண்ணும் எழுத்தும் வகுப்பறையில் ஒரு வாரம்: இரண்டாம் வகுப்புக் குழந்தையின் தந்தை எழுதும் மதிப்பீடு

பள்ளிவிட்டு வந்த பிள்ளையின் பையைத் திறந்து, நோட்டைப் புரட்டி, இன்று எத்தனை பக்கம் எழுதியிருக்கிறது என்று பார்ப்பதுதான் நம்மில் பலர் வகுப்பறையை எடைபோடும் முறை. நானும் அப்படித்தான் பார்த்தேன். என் மகள் முதல் வகுப்பு வரை படித்த தனியார் பள்ளியில் நாளொன்றுக்கு நான்கு பக்கம் வீட்டுப்பாடம் வரும். சென்ற ஜூன் மாதம் அவளை எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் சேர்த்தபோது, முதல் வாரம் முழுவதற்குமாகப் பையிலிருந்து வெளிவந்தவை பயிற்சி நூலில் எழுதிய இரண்டரைப் பக்கமும், பழைய காலுறையில் பொத்தான் தைத்துச் செய்த ஒரு பொம்மையும்தான். சேர்த்தது தவறோ என்று அன்று இரவு வீட்டில் பேச்சு எழுந்தது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருந்ததால் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்பது எனக்கு எளிதாக இருந்தது. ஓராண்டில் பல நாள்கள் பின்வரிசையில் தரையில் அமர்ந்து பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொரோனா காலத்தில் 2020 மார்ச்சில் மூடிய தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அந்த இடைவெளியில் எழுத்தறியாமலேயே மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்ட குழந்தைகளை மனத்தில் வைத்து, 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கப்பட்டதே எண்ணும் எழுத்தும் திட்டம். எட்டு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளும் 2025-க்குள் பிழையின்றிப் படிக்கவும் எழுதவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்பது தொடங்கியபோது அதன் இலக்காக இருந்தது. முதலில் ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளுக்கு வந்த இத்திட்டம், 2023-24ஆம் கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. குழந்தையின் வயதையோ வகுப்பையோ பார்க்காமல், அதற்கு இப்போது என்ன தெரியும் என்பதைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளில் அமர்த்துவதே இதன் அச்சாணி.

காலையில் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுத்தான் வகுப்புக்கு வருகிறார்கள். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த காலை உணவுத் திட்டத்தைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இங்கே ஒன்றை மட்டும் சொல்கிறேன். எங்கள் ஊரில் வயல்வேலைக்கு விடிவதற்குள் கிளம்பும் தாய்மார்கள் பலர். முன்பெல்லாம் பத்து மணிக்கே தலை சாய்க்கும் பிள்ளைகள் இப்போது நண்பகல் வரை தெளிவாக இருக்கிறார்கள் என்று ஆசிரியை சொன்னார். உப்புமா நாள்களில் என் மகளுக்கு முகம் சுருங்கும். பொங்கல் நாளில் எனக்கு முன்பே எழுந்து கிளம்பிவிடுகிறாள்.

வகுப்பறையில் பெஞ்சு இல்லை, பாய் விரித்திருக்கிறார்கள். சுவரோரமாகப் பாடல் களம், கதைக் களம், படித்தல் களம், பொம்மலாட்டக் களம் என்று எழுதிய அட்டைகளும், அவற்றின் கீழே அந்தந்தப் பொருள்களும் இருக்கின்றன. அட்டைகளைப் பார்த்தவுடன், ஆய்வுக்கு வரும் அதிகாரிகளுக்காக ஒட்டப்பட்ட அலங்காரம் என்றுதான் நினைத்தேன். பொம்மலாட்டக் களத்தைப் பொறுத்தவரை அந்த எண்ணம் முழுக்கத் தவறில்லை; ஆண்டில் நான் பார்த்து அது மூன்று முறைதான் உயிர்பெற்றது. மற்றவை நாள்தோறும் புழங்குகின்றன.

தமிழ்ப் பாடவேளை பாட்டில் தொடங்கி, பாட்டில் வரும் சொற்களுக்குப் போய், சொல்லிலிருந்து எழுத்துக்கு இறங்குகிறது. எங்கள் காலத்தில் அ முதல் ஃ வரை, பிறகு க்-கில் தொடங்கி ன் வரை என்று 247 எழுத்துகளையும் சொல்லி முடித்த பிறகே சொல் என்ற ஒன்று கண்ணில் படும். இங்கே அந்தக் காத்திருப்பு இல்லை. ஆனால் நான் வியந்தது வேறொன்றைப் பார்த்து. ஒரு செவ்வாய்க்கிழமை படத்தைப் பார்த்துப் பெயர் எழுதும் செயல்பாட்டில் என் மகள் இலையின் படத்துக்குக் கீழே ‘எலை’ என்றும், குடையின் படத்துக்குக் கீழே ‘கொடை’ என்றும் எழுதினாள். பழைய பள்ளியாக இருந்தால் சிவப்பு மையில் அடித்துப் பத்து முறை எழுதச் சொல்லியிருப்பார்கள். இந்த ஆசிரியை, “கண்ணு, நீ எழுதினதைப் படி” என்றார். படித்தாள். “வீட்ல அப்படித்தானே சொல்றோம்? சரியாத்தான் கேட்டிருக்க” என்று சொல்லிவிட்டு, கரும்பலகையில் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் ‘பேசுறது’, மறுபக்கம் ‘எழுதுறது’ என்று தலைப்பிட்டார். எலை-இலை, கொடை-குடை, ஒடம்பு-உடம்பு, எடம்-இடம் என்று பிள்ளைகளே சொல்லச் சொல்லப் பலகை நிறைந்தது. கடைசி வரிசையில் எப்போதும் வாய் திறக்காத ஒரு பையன் “தொடப்பம்” என்று கத்தினான். ‘துடைப்பம்’ மறுபக்கத்தில் ஏறியது. அந்தப் பிழைக்குப் பின்னால் காது சரியாக வேலை செய்திருக்கிறது என்பதைக் குழந்தைக்குச் சொல்லிவிட்டுத் திருத்துவது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதை அன்றுதான் கண்டேன். அந்தப் பாடவேளையில் நோட்டில் ஏறியது ஆறு சொற்கள் மட்டுமே. வீட்டில் நோட்டைப் பார்த்தவர்களுக்கு அது ‘ஆறு சொல்’ நாள்.

கணக்குப் பாடவேளையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்; இந்த வகுப்பறைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி அதற்குத்தான். ஒரு பழைய பிஸ்கட் டப்பா நிறைய, ஒரே நீளத்தில் நறுக்கிய ஈர்க்குச்சிகள் இருக்கின்றன. பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்டு போட்டால் அது ஒரு கட்டு, மிஞ்சியவை உதிரி. 34 என்றால் மூன்று கட்டு, நான்கு உதிரி. முப்பத்து நான்கு என்ற தமிழ்ச் சொல்லே மூன்று பத்தும் நான்கும் என்று கணக்கைச் சொல்லிவிடுவதால், குச்சியும் சொல்லும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்கின்றன. இதில் ஒரே ஒரு பள்ளம் தொண்ணூறு. தொண்ணூற்று மூன்று என்று ஆசிரியை சொன்னபோது என் மகள் 103 என்று எழுதினாள். அவள் காதில் விழுந்தது ‘நூற்று மூன்று’. நான் எட்டிப் பார்த்துத் திருத்தப் போனேன். ஆசிரியை கண்ணால் என்னைத் தடுத்தார். ஒன்பது கட்டுகளையும் மூன்று உதிரிகளையும் அவள் முன்னால் வைத்து, நூறுக்கு எத்தனை கட்டு வேண்டும் என்று மட்டும் கேட்டார். அவள் எண்ணினாள், ஒரு கட்டு குறைகிறது என்றாள், தானே அழித்தாள்.

அதே வாரம் வியாழக்கிழமை கழித்தல். 34-இல் 18 போக என்ன மீதி? நான் படித்த காலத்தில் நான்கில் எட்டு போகாது, பக்கத்தில் ஒன்று கடன் வாங்கு என்பார்கள். வாங்கிய கடனை யாரும் திருப்பிக் கொடுத்ததாக நினைவில்லை. கேட்கும் துணிச்சலும் எங்களுக்கு இருந்ததில்லை. இங்கே கடன் என்ற சொல்லே வரவில்லை. கையில் உதிரி நான்குதான் இருக்கிறது, கொடுக்க வேண்டியதோ எட்டு. பிள்ளைகள் சற்று நேரம் குச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரு சிறுமி, “டீச்சர், ஒரு கட்டை அவுத்துக்கவா?” என்று கேட்டாள். அவிழ்த்தாள், உதிரி பதினான்கானது, எட்டை எடுத்தாள், ஆறு நின்றது, இரண்டு கட்டில் ஒன்றைக் கொடுத்தாள், ஒன்று நின்றது, பதினாறு என்றாள். பிறகுதான் அதே கணக்கு பலகையில் எண்களாக எழுதப்பட்டது. அதற்கும் பிறகுதான் பயிற்சி நூலில் ஒரு பக்கம். இந்த வரிசைதான் முக்கியம்: கை, வாய், பலகை, கடைசியில் தாள். பெற்றோரான நம் கண்ணுக்கு எட்டுவதோ அந்தக் கடைசி மட்டுமே.

ஆங்கிலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பாட்டுகள் இருக்கின்றன, படங்கள் இருக்கின்றன, பிள்ளைகள் உற்சாகமாகக் கத்துகிறார்கள். ஆனால் பாட்டுக்கு வெளியே ஒரு சொற்றொடரைத் தாங்களாகச் சொல்லும் பழக்கம் இன்னும் வரவில்லை. தனியார் பள்ளியிலிருந்து வரும் குழந்தைக்கு இது ஒரு படி இறக்கமாகத் தெரியும். அந்தப் பள்ளியில் என் மகள் ஆங்கிலத்தில் நிறைய எழுதினாள் என்பதும், எழுதியதில் பாதிக்குப் பொருள் தெரியாது என்பதும் உடன் சேர்த்துச் சொல்ல வேண்டியவை.

இனிக் குறைகள். எங்கள் பள்ளியில் ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து நாற்பத்து மூன்று பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பதால் விதிப்படி குறையேதும் இல்லை. ஆனால் தலைமையாசிரியை கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போகும் நாளில் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில் விழுகிறது. அரும்பு நிலைப் பிள்ளைகளுக்கு ஒரு செயல்பாடு, மொட்டுக்கு ஒன்று, மலருக்கு ஒன்று என ஒரே அறையில் மூன்றையும் நடத்துவதே கயிற்றின்மேல் நடப்பது போன்றது. அதன்மேல் நான்கும் ஐந்தும் சேர்ந்தால் அன்று நடப்பது காவல் மட்டுமே. நான் உட்கார்ந்திருந்த நாள்களில் மூன்றை அப்படியே பார்த்தேன்.

அடுத்தது மதிப்பீடு. குழந்தைக்குத் தேர்வு என்றே தெரியாமல், விளையாட்டாகக் கேட்டு அறிவதே வளரறி மதிப்பீட்டின் நோக்கம். செய்யும் வேலை அப்படித்தான் இருக்கிறது. செய்த பிறகுதான் தொல்லை. ஒவ்வொரு குழந்தைக்குமான விவரத்தையும் கைபேசிச் செயலியில் ஏற்ற வேண்டும். எங்கள் ஊரில் வகுப்பறைக்குள் இணைய இணைப்பு கிடைக்காது. வேப்பமரத்தடியில் ஒரு கோடு, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு கோடு. ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், ஆசிரியை கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தொட்டியருகே நிற்க, படித்தல் களத்தில் இருபத்தாறு பிள்ளைகள் கதைப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து விசிறிக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் போனது. ஆசிரியையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

நிலைகளின் பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரும்பு, மொட்டு, மலர் என்று மென்மையாகத்தான் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் இரண்டே நாளில் அதன் உட்பொருளைப் பிடித்துவிடுகிறார்கள். மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டு அரும்புப் பாயில் உட்காரும் பையனை, அவனைவிட இரண்டு வயது சிறியவள் “அண்ணா, நீ இன்னும் அரும்பா?” என்று கேட்டதை நானே கேட்டேன். அவன் சிரித்தான், ஆனால் அடுத்த நாள் வரவில்லை. ஆசிரியை வீட்டுக்கே போய் அழைத்து வந்து, குச்சி டப்பாவுக்கு அவனைப் பொறுப்பாக்கினார். இது ஆசிரியை தானாகச் செய்தது. கையேட்டில் இதற்கு வழி இருக்கிறதா என்று நான் கேட்டபோது அவர் பதில் சொல்லாமல் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டார்.

பயிற்சி நூலின் அச்சும் படங்களும் நன்றாக இருக்கின்றன. விலையில்லாமல் கிடைக்கிறது என்பதற்காகச் சலுகை காட்டிச் சொல்லவில்லை. ஆனால் விடை எழுத விட்ட இடம் சில பக்கங்களில் ஆறு வயதுக் கைக்குப் போதாது. ‘ஞ’வை அந்தக் கட்டத்துக்குள் அடக்க என் மகள் நாக்கைக் கடித்துக்கொண்டு போராடுவதைப் பார்த்தால், வரைந்தவர் ஒரு குழந்தையிடம் பென்சிலைக் கொடுத்துப் பார்த்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால், கணக்குக்கும் தமிழுக்கும் நான்கரை, ஆங்கிலத்துக்கு இரண்டரை, ஆசிரியைக்கு ஐந்து, அவருக்குத் தரப்பட்டுள்ள ஆள்பலத்துக்கு இரண்டு. வீட்டுப்பாடப் பக்கங்களை எண்ணினால்தான் மனம் நிறையும் என்பவர்களுக்கு இந்த வகுப்பறை ஏமாற்றம் தரும். பிள்ளையோடு மாலையில் பத்து நிமிடம் பேச நேரமுள்ளவர்கள் சேர்க்கலாம். ‘இன்று என்ன எழுதினாய்’ என்று கேட்காமல் ‘இன்று எதை வைத்து விளையாடினாய்’ என்று கேட்டால் முழுப் பாடமும் வெளியே வந்துவிடும்.

சேர்ப்பதற்கு முன் உங்கள் ஊர்ப் பள்ளியைப் பார்க்கப் போகிறவர்கள், சுவர் அட்டைகளைப் பார்த்து மயங்காமல் குச்சி டப்பாவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ரப்பர் பேண்டுகள் தொய்ந்தும் அறுந்தும் இருந்தால் கட்டுகள் அவிழ்க்கப்படுகின்றன என்று பொருள். எங்கள் பள்ளியில் இந்த ஆண்டு இரண்டு முறை மாற்ற வேண்டியிருந்தது. இரண்டாம் முறை பாக்கெட் வாங்கிக் கொடுத்தவன் நான், இருபது ரூபாய்.